மியூனிக்கில் கடைசி நான்கு வாரம்: எதை அங்கே முடிக்க வேண்டும், எதை ஊருக்கு எடுத்து வரலாம்?

கேள்வி: கோவையில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எக்ஸ்சேஞ்ச் மாணவியாக ஒரு செமஸ்டருக்கு மியூனிக் வந்தேன். பிப்ரவரி 27-ல் கடைசிப் பரீட்சை, மார்ச் 14 சனிக்கிழமை ஃபிளைட். ஊருக்குப் போனதும் டிபார்ட்மென்ட்டில் 2000 வார்த்தைக்கு அனுபவ ரிப்போர்ட் தர வேண்டும். எழுத உட்கார்ந்தால் 'நிறையக் கற்றுக்கொண்டேன்' என்பதற்கு மேல் ஒரு வரி வரவில்லை. ஜெர்மன் நண்பர்கள் என்று சொல்லிக்கொள்ள இரண்டு பேர்கூட இல்லை. சமைத்ததும் சாப்பிட்டதும் நம்ம பிள்ளைகளோடுதான். ஒரு பேப்பர் போய்விடும் போலிருக்கிறது. அப்பா கடன் வாங்கி அனுப்பியதை வீணடித்துவிட்டேனோ என்று ராத்திரி தூக்கம் வருவதில்லை. ரூமைக் காலி செய்ய என்னென்ன செய்ய வேண்டும் என்பதிலும் குழப்பம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

ரிப்போர்ட், ரூம், பேப்பர், அப்பாவின் பணம் எல்லாம் ஒரே நேரத்தில் உங்களை அழுத்துகின்றன. அவற்றைப் பிரித்து வைக்க ஒரு கேள்வி போதும்: மியூனிக்கில் இருக்கும்போது மட்டுமே செய்ய முடிகிற வேலை எது, கோவையில் உட்கார்ந்தும் செய்யக்கூடியது எது? முதல் வகையை மார்ச் 13-க்குள் முடியுங்கள். இரண்டாவதைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். ரூம் சாவியும் அலுவலகக் காகிதங்களும் முதல் வகை என்பது உங்களுக்கே தெரியும். ரிப்போர்ட்டும் முதல் வகைதான். ஊருக்குப் போய் நிதானமாக எழுதலாம் என்று தள்ளிப்போடுகிறவர்களே அதிகம். வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆனால் ஐந்து மாதமும் நாலு போட்டோவாகச் சுருங்கிவிடும், ரிப்போர்ட் சுற்றுலாக் கட்டுரை ஆகிவிடும்.

முதலில் 'வீண்' என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். நார்வேயின் சமூகவியலாளர் ஸ்வெரே லிஸ்கார்ட், அமெரிக்காவில் தங்கிவிட்டுத் திரும்பிய நார்வேக்காரர்களைப் பேட்டி கண்டு 1955-ல் ஒரு கட்டுரை எழுதினார். தொடக்கத்தில் உற்சாகம், பிறகு சரிவு, பிறகு மெல்ல மீட்சி என்று வெளிநாட்டு வாழ்க்கை போகிறது என்றார். ஊர் திரும்பிய பிறகு அதே சரிவு இன்னொரு முறை வருகிறது என்பதை 1963-ல் ஜான் கல்லஹார்ன், ஜீன் கல்லஹார்ன் இருவரும் சேர்த்தார்கள். எல்லோருக்கும் இதே வரிசையில் நடக்கும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் உங்கள் காலண்டரையே பாருங்கள். அக்டோபரில் போய் இறங்கினீர்கள். டிசம்பரில் நாலரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. ஜனவரியில்தான் வகுப்பும் ஊரும் பிடிபட்டிருக்கும். பிப்ரவரியில் பரீட்சை. சரிந்து ஏறத் தொடங்கும் இடத்திலேயே ஒரு செமஸ்டர் முடிந்துவிடுகிறது. இப்போது இருக்கிற வெறுமையை வைத்து ஐந்து மாதத்துக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள்.

நண்பர்கள் விஷயமும் அப்படித்தான். உள்ளூர் மாணவர்கள் முதல் செமஸ்டரிலிருந்தே ஒரு குழுவாகப் படித்து வருகிறவர்கள். பலர் வீட்டிலிருந்து ரயிலில் வந்து போகிறவர்கள். நடுவில் வந்து மார்ச்சில் கிளம்பிவிடும் ஒருவரோடு நெருங்க அவர்களுக்கும் நேரம் கிடைப்பதில்லை. நம்ம பிள்ளைகளோடு சமைத்துச் சாப்பிட்டதற்கு நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. தமிழ், தெலுங்கு, மலையாளம் பேசுகிறவர்கள் ஒரே அடுப்பில் செலவைப் பிரித்துச் சமைத்ததும் நீங்கள் அங்கே கற்ற பாடம்தான். அதையும் எழுதலாம்.

இனி ரிப்போர்ட். நினைவிலிருந்து எழுதத் தொடங்காதீர்கள், ஆதாரத்திலிருந்து தொடங்குங்கள். பேங்க் ஆப்பில் அக்டோபர் ஸ்டேட்மென்ட்டையும் ஜனவரி ஸ்டேட்மென்ட்டையும் இறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரியாக வாசியுங்கள். முதல் மாதம் ரயில் நிலையத்துப் பக்கம் இந்தியக் கடையில் கறிவேப்பிலைக்கும் அரிசிக்கும் எவ்வளவு போயிருக்கிறது, ஜனவரியில் எவ்வளவு? கேன்டீன் கார்டில் பணம் ஏற்றியது எந்த வாரத்திலிருந்து அடிக்கடி வருகிறது? இரவு பத்து மணிக்கு மேல் டிக்கெட் வாங்கிய ஒரு வரி இருந்தால், அன்று எங்கே போனீர்கள், யாரோடு திரும்பினீர்கள்? எந்த வரியைப் பார்த்ததும் ஒரு முகமோ ஒரு சங்கடமோ நினைவுக்கு வருகிறதோ, அதற்கு நேரே ஒரு கோடு போடுங்கள். அடுத்து, அம்மாவுக்கு அக்டோபரில் அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்களைக் கேளுங்கள். அன்றைக்கு எதைக் கண்டு பயந்தீர்கள் என்பது உங்கள் குரலிலேயே இருக்கும். போட்டோக்களைக் கடைசியில் பாருங்கள். நன்றாக இருந்த நாட்களில்தான் நாம் போட்டோ எடுக்கிறோம், அதனால் அவை ஒரு பக்கத்தை மட்டுமே சொல்லும்.

இப்படித் தேடினால் பத்துப் பதினைந்து சம்பவம் கிடைக்கும். நான்கைத் தேர்ந்தெடுங்கள். அவற்றில் குறைந்தது இரண்டு உங்களுக்குக் கஷ்டமாக இருந்தவையாக இருக்கட்டும். ஒவ்வொன்றையும் நான்கு கேள்விக்குப் பதிலாக எழுதுங்கள். என்ன நடந்தது? அன்றைக்கு என்ன நினைத்தேன்? இன்றைக்கு அதைப் பற்றி என்ன தெரியும்? இனி இப்படி நேர்ந்தால் என்ன செய்வேன்? பிரிட்டனின் கல்வியியல் ஆய்வாளர் கிரஹாம் கிப்ஸ் 1988-ல் ஆறு படிகளாக வகுத்த முறையின் சுருக்கம் இது. செவிலியர் படிப்பிலும் ஆசிரியர் பயிற்சியிலும் இன்றும் பயன்படுகிறது. முதல் கேள்விக்கான பதிலில் ஒரு கேமரா பிடித்திருக்கக்கூடியது மட்டும் இருக்க வேண்டும். 'அவர் கோபமாகப் பார்த்தார்' என்பது உங்கள் முடிவு. 'சீட்டை ஒட்டிவிட்டுப் போனார்' என்பதுதான் நடந்தது. இந்த இரண்டையும் கலந்துவிட்டால் மூன்றாவது கேள்விக்கு எழுத ஒன்றும் மிஞ்சாது.

ஒரு உதாரணம். ஞாயிறு காலை, ஹாஸ்டல் சமையலறை, தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸி ஓடுகிறது. அரை மணி நேரத்தில் கதவில் ஒரு சீட்டு: இன்று ஞாயிறு, தயவுசெய்து அமைதி. கையெழுத்து இல்லை. இது நடந்தது. இந்தியர்கள் என்பதால் குறி வைக்கிறார்கள் என்பது அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்குத் தெரிந்தது என்ன? ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் என்பது ஜெர்மனியின் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 1919-ன் வைமார் அரசியல் சட்டத்திலிருந்து அந்தப் பிரிவை அப்படியே எடுத்து 140-வது பிரிவில் சேர்த்திருக்கிறார்கள். வீட்டு விதிகளில் ஞாயிறு முழுவதும், மற்ற நாட்களில் இரவு பத்துக்கு மேலும் சத்தம் கூடாது என்று பொதுவாக இருக்கும். சுவரில் ஓட்டை போடுகிற ஜெர்மன்காரருக்கும் இதே சீட்டுதான் வரும். கையெழுத்தில்லாத சீட்டு மட்டும் மனதில் உறுத்துகிறது என்றால் அதையும் எழுதுங்கள், எல்லாவற்றையும் நியாயப்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லை. நான்காவது கேள்விக்கு: சட்னியைச் சனிக்கிழமையே அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன், எதிர் அறையில் இருப்பவரிடம் போய்ப் பேசினேன், அல்லது பேசாமல் விட்டேன். பேசாமல் விட்டிருந்தால் ஏன் என்று இரண்டு வரி. இப்படி எழுதினால் 350 வார்த்தை தானாக வரும். 'ஜெர்மனியில் ஞாயிறு அமைதியாக இருக்கும்' என்று எழுதினால் ஒரே வரியில் முடிந்துவிடும்.

வகுப்பறையிலும் இதுபோல் இருக்கும். குழு ப்ராஜெக்டில் உங்கள் ஸ்லைடைப் பார்த்து ஒருவர் முகத்துக்கு நேரே 'இது தப்பு' என்று சொல்லிவிட்டு, அடுத்த ஐந்தாவது நிமிடம் உங்களோடு காபிக்கு வந்திருப்பார். வேலையைத்தான் சொல்கிறார், ஆளை அல்ல என்று புரிய எத்தனை வாரம் ஆனது? புரிந்த பிறகு நீங்கள் யாருக்காவது அப்படிச் சொன்னீர்களா?

2000 வார்த்தையை இப்படிப் பிரியுங்கள்: எந்த ஊர், என்ன பாடங்கள் என்பதற்கு 250, நான்கு சம்பவங்களுக்கு 1400, இனி உங்கள் படிப்பிலும் திட்டத்திலும் எது மாறப் போகிறது என்பதற்கு 350. எழுதி முடித்ததும் ஒரு சோதனை. கோவையை விட்டு வெளியே போகாத ஒருவர் இந்த வரியை எழுத முடியுமா என்று ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள். முடியும் என்றால் அடித்துவிடுங்கள். 'நேரம் தவறாதவர்கள்' போய்விடும். 'ஒன்பது மணி வகுப்பு என்று போட்டிருக்கும், சி.டி. என்ற இரண்டு எழுத்து பக்கத்தில் இருந்தால் ஒன்பதே காலுக்குத்தான் தொடங்கும், முதல் வாரம் காலி அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன்' என்பது நிற்கும். அங்கே சுத்தம், இங்கே குப்பை என்ற ஒப்பீடு ஒரு வரி வந்தாலும் மற்றவற்றின் மதிப்பைக் கெடுத்துவிடும். முதல் வரைவு மார்ச் 10-க்குள் கையில் இருக்கட்டும்.

போய்விடும் என்று பயப்படுகிற பேப்பரே உங்கள் நான்காவது சம்பவமாக இருக்கலாம். உங்கள் கல்லூரியில் இன்டர்னல் மதிப்பெண் உண்டு. இரண்டாவது மாதமே டெஸ்ட் வந்து பின்தங்கியிருப்பதைக் காட்டிவிடும். அங்கே பெரும்பாலான பாடங்களில் முழு மதிப்பெண்ணும் கடைசியில் எழுதும் ஒரே பரீட்சையில், பெரும்பாலும் 60 முதல் 120 நிமிடத்தில். நடுவில் யாரும் துரத்துவதில்லை. பயிற்சித் தாள்கள் தருவார்கள். பல பாடங்களில் போடாவிட்டால் கேட்க ஆள் இல்லை. நம் ஊரிலிருந்து போகிற நல்ல மாணவர்கள் முதல் செமஸ்டரில் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். புத்திக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நடைமுறையில் செய்ய வேண்டியது: இன்றே பரீட்சை போர்ட்டலைத் திறந்து பெயர் நீக்கக் கடைசித் தேதி தாண்டிவிட்டதா என்று பாருங்கள். தேதிக்குள் நீக்கினால் பொதுவாக எதுவும் பதிவாகாது. நீக்காமல், எழுதவும் போகாவிட்டால் பல இடங்களில் நேராக 5.0, அதாவது ஃபெயில். காய்ச்சல் என்றால் அன்றே டாக்டர் சான்றிதழ் வாங்கிப் பரீட்சை அலுவலகத்துக்குத் தர வேண்டும். மறுதேர்வு பெரும்பாலும் நீங்கள் கிளம்பிய பிறகுதான் வரும். எனவே கோவை ஒருங்கிணைப்பாளருக்கு மெயில் போட்டு, 'தவறினால் இதற்கு இணையான பாடத்தைக் கோவையில் எழுதலாமா?' என்று இப்போதே கேளுங்கள். அப்பாவிடம் இதை ஃபிளைட் ஏறும் முன் போனில் சொல்லிவிடுங்கள். எந்தப் பாடம், ஏன் சிரமம், அடுத்து என்ன வழி என்று மூன்று வாக்கியம் போதும். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் காரில் சொல்லும்படி ஆகிவிடக் கூடாது.

மனிதர்களும் அங்கே இருக்கும்போது மட்டும் கிடைக்கிறவர்கள். நாளைக்கு மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பிக்க நினைத்தால், நன்றாகச் செய்த ஒரு பாடத்தின் பேராசிரியரை அவர் மாணவர்களைச் சந்திக்கும் நேரத்தில் நேரில் போய்ப் பாருங்கள். 300 பேர் வகுப்பில் உங்கள் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் இரண்டு பக்கம், பயோடேட்டா, எதற்கு எந்தத் தேதிக்குள் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்ற குறிப்பு, மூன்றையும் கையில் கொண்டு போங்கள். பயிற்சி வகுப்பு எடுத்த சீனியர் மாணவர் உங்களை இன்னும் நன்றாக அறிந்திருப்பார். அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: அக்டோபரில் பார்த்த எனக்கும் இப்போதைய எனக்கும் என்ன வித்தியாசம்? அந்தப் பதிலை அன்றிரவே எழுதி வையுங்கள், ரிப்போர்ட்டின் கடைசிப் பகுதிக்கு உதவும்.

இனி ரூம். சனிக்கிழமை ஹாஸ்டல் பராமரிப்பாளர் பெரும்பாலும் வேலைக்கு வருவதில்லை. வெள்ளி 13-க்கு ஒப்படைப்பு நேரம் இப்போதே வாங்கி, அன்றிரவு தங்க ஒரு தோழியின் அறையைப் பேசி வையுங்கள். வந்தபோது கையெழுத்திட்ட அறைநிலைத் தாளைத் தேடி எடுங்கள். அதில் ஏற்கெனவே குறித்த கீறலுக்கு உங்களிடம் பணம் பிடிக்க முடியாது. டெபாசிட் பிடிபடுவது பொதுவாக மூன்று இடத்தில்: குளியலறைச் சுண்ணாம்பு, அடுப்புக்கு மேலே இருக்கும் புகைபோக்கியின் எண்ணெய்ப் பிசுக்கு, மஞ்சள் கறை. மியூனிக் தண்ணீர் கடினமானது, ஷவரிலும் கெட்டிலிலும் வெள்ளையாகப் படியும். மருந்துப் பொருள் கடைகளில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் தூளை ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, துணியில் நனைத்துக் குழாயில் சுற்றி அரை மணி நேரம் விடுங்கள். வெந்நீர் கூடாது, சூட்டில் கால்சியம் சிட்ரேட் உருவாகி இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். குளோரின் கலந்த கிளீனரோடு எந்தக் காரணத்துக்கும் சேர்க்காதீர்கள், விஷவாயு வரும். புகைபோக்கியின் உலோக வலையைக் கழற்றிப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரில் இரவு முழுக்க ஊற வையுங்கள். மஞ்சள் கறைக்குச் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசித் துடைக்கலாம், மீதியை ஜன்னல் வெயில் வெளுக்கும். அதற்குப் பல நாள் ஆகும் என்பதால் இதை முதலில் தொடங்குங்கள். சுத்தம் செய்த பிறகு ஒவ்வொரு மூலையையும் போட்டோ எடுத்து, ஒப்படைப்புத் தாளின் ஒரு நகலை வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். டெபாசிட் அன்றே கைக்கு வராது, சில மாதம்கூட ஆகலாம். அதுவரை ஜெர்மன் பேங்க் அக்கவுன்ட்டை மூட வேண்டாம். பேங்க் உள்நுழைவு ஜெர்மன் சிம்முக்கு வரும் எஸ்எம்எஸ்ஸை நம்பியிருந்தால், சிம்மை விடும் முன் ஆப் முறைக்கு மாற்றுங்கள்.

காகித வேலைகளில் ஊர்ப்பதிவு நீக்கம், அதாவது நகர அலுவலகத்தில் பதிந்த முகவரியை நீக்குவது, முதலில். வீட்டைக் காலி செய்யும் நாளுக்கு ஏழு நாள் முன்பிலிருந்து, இரண்டு வாரம் பின்பு வரை செய்யலாம். நீங்கள் 13-ந் தேதி காலி செய்தால் மார்ச் 6-லிருந்து. அதற்கான சான்றிதழை ஸ்கேன் செய்து மூன்று இடத்தில் வையுங்கள், மற்ற எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் மாதம் 18.36 யூரோ, ஊர்ப்பதிவு நீங்கினால் அது தானாக நிற்காது, உங்கள் பெயரில் வந்திருந்தால் சான்றிதழோடு தனியாக எழுத வேண்டும். மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அப்படியே, பல்கலைக்கழகப் பதிவு நீக்கத் தாளையும் சேர்த்து. இல்லாவிட்டால் பில் வந்துகொண்டே இருக்கும். டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதப் பயணச் சீட்டு வைத்திருந்தால் மார்ச் 10-க்குள் ரத்து செய்யுங்கள், 11-ந் தேதி செய்தால் ஏப்ரலுக்கும் பணம் பிடிப்பார்கள். தவறாகப் பிடித்துவிட்டால், தானியங்கிப் பற்று என்றால் எட்டு வாரத்துக்குள் பேங்க் வழியாகத் திரும்பப் பெறலாம். விசாவுக்காகப் பணம் போட்டு வைத்த பிளாக்டு அக்கவுன்ட்டில் மீதி இருந்தால் விடுவிக்க என்ன சான்று வேண்டும் என்று அந்த நிறுவனத்தை இந்த வாரமே கேளுங்கள். குடியேற்ற அலுவலகத்தின் கடிதம் கேட்டால், அதற்கு நேரம் கிடைப்பதுதான் கடினம். பகுதிநேர வேலையில் வரி பிடித்திருந்தால் ஆண்டு வரிச் சான்றிதழையும் 11 இலக்க வரி எண்ணையும் பத்திரப்படுத்துங்கள். திரும்பக் கேட்க நான்கு ஆண்டு அவகாசம் உண்டு, அது கோவையில் செய்யக்கூடிய வேலை.

வீடு திரும்பிய முதல் வாரங்களைப் பற்றி ஒன்று. 'எப்படி இருந்துச்சு?' என்று எல்லோரும் கேட்பார்கள், பெரும்பாலோர் இரண்டு நிமிடம்தான் கேட்பார்கள். அவர்களுக்கு ஒரு சம்பவம் தயாராக இருக்கட்டும். முழுக்கக் கேட்கிற ஒருவரை, உங்களுக்கு முன் போய் வந்த சீனியராக இருந்தால் நல்லது, தேடிப் பிடியுங்கள். எரிச்சலும் தனிமையும் சில வாரம் வரலாம். தூக்கமின்மை உங்களுக்கு இப்போதே இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, எதிலும் மனம் செல்லாமல் போனாலோ காத்திருக்காதீர்கள். மியூனிக்கில் இருக்கும்வரை மாணவர் நலச் சேவையின் உளவியல் ஆலோசனைப் பிரிவு இருக்கிறது. இந்தியாவில் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

கடைசியாக மதிப்பெண். அங்கே 1.0 மிகச் சிறந்தது, 4.0 பாஸ். நம் பத்துப் புள்ளி முறைக்கு மாற்றப் பலரும், வெளிநாட்டு மதிப்பெண்ணை ஜெர்மன் மதிப்பெண்ணாக்கும் பவேரிய சூத்திரத்தைத் திருப்பிப் போடுகிறார்கள்: பாஸ் 5, உச்சம் 10 என்றால், ஜெர்மன் மதிப்பெண்ணிலிருந்து 1-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 3-ஆல் வகுத்து, 10-லிருந்து கழிக்க வேண்டும். 1.7 என்பது ஏறத்தாழ 8.8, 2.3 என்பது 7.8. உங்கள் கல்லூரி இதையே பயன்படுத்துமா, அல்லது கிரெடிட்டை மட்டும் ஏற்று மதிப்பெண்ணை விட்டுவிடுமா என்பது அவர்கள் முடிவு. பாடத்திட்ட விவரம் கேட்பார்கள். பதிவு நீங்கினால் சில காலத்தில் போர்ட்டலும் பல்கலைக்கழக மெயிலும் மூடப்படும். ஒவ்வொரு பாடத்தின் விவரத் தாளையும், கிரெடிட் எண்ணும் மணி நேரமும் தெரியும்படி, இப்போதே பிடிஎஃப் ஆக இறக்குங்கள். பாடங்களை நடுவில் மாற்றியிருந்தால், எந்தப் பாடங்கள் என்று இரு கல்லூரியும் ஒப்புக்கொண்ட லேர்னிங் அக்ரிமென்ட்டில் இரு பக்கக் கையெழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். தங்கியிருந்த காலத்துக்கான சான்றிதழில் கடைசித் தேதி சரியாக இருக்க வேண்டும், அந்தத் தேதிக்கு முன்பே கையெழுத்திட்டதைச் சில ஸ்காலர்ஷிப்கள் ஏற்பதில்லை. டிரான்ஸ்கிரிப்ட் நீங்கள் கிளம்பிப் பல வாரம் கழித்தே வரும். ஆகவே டிபார்ட்மென்ட்டுக்கு இன்றே ஒரு மெயில்: ரிப்போர்ட் ஏப்ரல் முதல் வாரத்தில் தருகிறேன், மதிப்பெண் பட்டியல் வந்ததும் தனியாகச் சமர்ப்பிக்க அனுமதி வேண்டும், மாற்றும் சூத்திரம் எது என்று தெரிவியுங்கள். பதிலை மெயிலிலேயே வாங்குங்கள். போனில் சொன்னால் அதைச் சுருக்கமாக எழுதி அவர்களுக்கே அனுப்பி, சரி என்று உறுதி கேளுங்கள்.